கம்பெனிப் பெயரில் யார் யார் மெயில் அனுப்பலாம்

டொமைன் பதிவில் ஒரு வரியை மாற்றிவிட்டுச் 'சேமி' பட்டனை அழுத்துவதற்கு முன்னால் நான் எழுந்து போய் ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு வருவேன். திரும்பி வந்து அந்த வரியை வாய்விட்டு இன்னொரு தடவை படிப்பேன். அப்புறம்தான் விரல் இறங்கும். ஓய்வு பெற்ற நாள் வரைக்கும் இந்தப் பழக்கம் போகவில்லை. போடியில் ஏலக்காய்க் கம்பெனிகளின் கம்ப்யூட்டர் அறைகளுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கச்சிகளே, உங்களில் சிலர் இதைப் பார்த்துச் சிரித்திருக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். பயந்த சுபாவம் உள்ளவன் இந்தச் சோலிக்கு லாயக்கில்லை என்று யாராவது சொன்னால் மட்டும் நம்பாதீர்கள். என் அனுபவத்தில், பயமே இல்லாதவர்கள் கையில்தான் பதிவுகள் அதிகம் சின்னாபின்னமாகியிருக்கின்றன.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஏலக்காய் சலிக்கிற இடத்தில் மூட்டை தைக்க வந்தேன். இங்கிலீஷ் எழுத்துகளைக் கூட்டிப் படிப்பேன் என்பதால் ஃபேக்ஸ் மெஷின் என்னிடம் வந்தது. ஃபேக்ஸ் போய் மெயில் வந்தபோது அதையும் என் மேசையிலேயே வைத்துவிட்டார்கள். இந்த வேலைக்கென்று நான் எந்த வகுப்பிலும் உட்கார்ந்ததில்லை. எந்தப் பதிவை எந்தக் கட்டத்தில் போடுவது என்பதை நீங்கள் ஒரு மத்தியானத்தில் கற்றுக்கொண்டு விடுவீர்கள். அதற்கு எனக்கு ஆறு மாதம் பிடித்தது, அதை விட்டுவிடுவோம். நான் சொல்ல வந்தது வேறு.

எங்கள் கம்பெனிப் பெயரில் உடம்பு இளைக்கிற மாத்திரை விற்கிறார்கள் என்று முதலில் சொன்னவர், கொச்சியில் இருக்கும் பழைய வாடிக்கையாளர் ஒருவர். ஏலக்காய் விலை இறங்கிவிட்டது என்று மருந்துக்கடை வைத்துவிட்டீர்களா என்று போனில் கேட்டார். எனக்கு விளங்கவில்லை. அவருக்கு வந்த மெயிலை அனுப்பச் சொல்லிப் பார்த்தால், அனுப்புநர் இடத்தில் எங்கள் முகவரி. உள்ளே ஒரு வெள்ளைக்காரப் பெண் தன் பழைய பேண்ட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

மெயிலில் அனுப்புநர் என்ற இடத்தில் யாரும் யார் பெயரையும் எழுதிவிடலாம். தபால் உறையின் மேல் எழுதுகிற மாதிரிதான். எந்தத் தேசத்திலோ உட்கார்ந்துகொண்டு எவனோ ஒருவன் எங்கள் பெயரைப் போட்டு ஆயிரக்கணக்கானவர்களுக்கு மாத்திரை விற்றிருக்கிறான். மாத்திரை விற்றதா என்பது தெரியாது. ஆனால் எங்கள் பெயரைக் கண்டாலே மெயில் கம்பெனிகள் குப்பைப் பெட்டியில் தள்ள ஆரம்பித்துவிட்டன. நாங்கள் உண்மையாகவே அனுப்பிய விலைப் பட்டியலும் அந்தப் பெண்ணோடு சேர்ந்து குப்பைக்குப் போனது.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவரும் நானும் எட்டாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். அவர் மேலே படித்தார், நான் மூட்டை தைத்தேன். நாலு பேர் முன்னால் நான் அவரை முதலாளி என்பேன், அவர் என்னை என்னப்பா என்பார். சிக்கல் பெரிதாக இருந்தால் மட்டும் மாப்ளே என்பார். அன்றைக்கு மாப்ளே என்றார்.

எங்கள் டொமைனை, அதாவது மெயில் முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயரை, பார்த்துக்கொண்ட கம்பெனி மதுரையில் இருந்தது. அங்கே போனை எடுக்கும் பெண்ணின் பெயர் எனக்கு இன்று வரை தெரியாது. முகமும் தெரியாது. எனக்கு இந்தத் தொழிலில் குரு என்று ஒருவர் உண்டென்றால் அந்தக் குரல்தான். நான் பதறப் பதற, அது நிதானமாகிக்கொண்டே போகும்.

"சார், உங்க பேர்ல எந்தெந்த எடத்துல இருந்து மெயில் வரலாம்னு ஒரு வரி எழுதி டொமைன் பதிவுல வச்சிரலாம். மெயில வாங்குறவங்க மெஷின் அந்த வரியப் பாக்கும். அதுல இல்லாத எடத்துல இருந்து வந்தா சந்தேகப்படும். மாத்திரைக்காரன் மாட்டிக்குவான். ஆனா மொதல்ல நீங்க ஒண்ணு செய்யணும். இப்ப உங்க பேர்ல யார் யார் அனுப்புறாங்கன்னு விசாரிச்சுட்டு வாங்க."

இது ஒரு வேலையா என்று நினைத்தேன். நான், முதலாளி, கணக்குப்பிள்ளை. மூன்று பேர்தானே.

விசாரித்தபோதுதான் தெரிந்தது. எங்கள் கம்பெனிப் பெயர் என்பது முதலாளியின் குடும்பப் பெயர். அந்தப் பெயரில் டொமைன் வாங்கினோம் என்றதும் வீட்டில் ஆளாளுக்கு ஒரு முகவரி கேட்டு வாங்கியிருந்தார்கள். அதோடு நிற்கவில்லை. முதலாளியின் மகன் சென்னையிலிருந்து ஒரு விளம்பர மெயில் கம்பெனி வழியாகப் பாக்கெட் ஏலக்காய் விற்கிறார். முதலாளியின் தம்பி செய்யும் மிளகு வியாபாரத்துக்கு ஒரு பில் போடும் சாஃப்ட்வேர், அது தானாகவே மெயில் அனுப்புகிறது. மச்சினர் ஜீப்பு வாடகைக்கு விடுகிறார், அதற்கு ஒரு வெப்சைட். குலதெய்வக் கோயில் பொங்கல் அறிவிப்பு இன்னொரு இடத்திலிருந்து போகிறது. ராசிங்காபுரத்தில் அரிசி மில் வைத்திருக்கும் சம்பந்தி, இந்தப் பெயரில் பில் போனால் கொஞ்சம் கெத்தாக இருக்கும் என்று கேட்டு வாங்கியிருக்கிறார். யாரும் திருடவில்லை. எல்லோரும் எங்கள் வீட்டு ஆட்கள்.

அந்தக் கூட்டத்தில் ஒருவர்தான் ஜெயக்கொடி, முதலாளியின் கடைசித் தங்கை. பங்கு பிரித்தபோது குரங்கணிக்கு மேலே ஒரு காப்பித் தோட்டம் அவருக்கு வந்தது. எத்தனையோ வருடமாக அவருடைய காப்பியை அண்ணன்தான் விற்றுக் கொடுத்தார். அண்ணன் ஏமாற்றுகிறவர் இல்லை. ஆனால் யாருக்கு விற்பது, எப்போது விற்பது எல்லாம் அண்ணன் சொல்வதுதான். அந்த வருடம் முதல் தடவையாக ஜெயக்கொடியே ஆள் பிடித்திருந்தார். துபாயில் காப்பி வறுத்து விற்கும் ஒருவர் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்து, பிடித்துப்போய், மற்றதை மெயிலில் பேசிக்கொள்வோம் என்று போயிருந்தார். இந்த ஆள் நிலைத்தால் ஜெயக்கொடி தன் காப்பியைத் தானே விற்பார். நழுவினால் பழையபடி அண்ணன் கைக்குத்தான் போக வேண்டும். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

சரி, யார் யாரைப் பதிவில் சேர்ப்பது என்று முதலாளியிடம் கேட்டேன். அந்த வாரம் அவர் பேரப்பிள்ளைக்குக் காதுகுத்த நாள் குறித்திருந்தார்கள். பத்திரிகை எழுத வீட்டுக் கூடத்தில் எல்லோரும் கூடியிருந்தார்கள். அதையும் இதோடு முடித்துவிடுவோம் என்று முதலாளி என்னையும் உட்காரச் சொல்லிவிட்டார்.

எங்கள் பக்கத்துக் காதுகுத்துப் பத்திரிகை உங்களுக்குத் தெரியும். குழந்தையின் பெயர் ஒரு ஓரத்தில் இருக்கும், மிச்ச இடமெல்லாம் உறவுமுறை. ஒரு பெயர் விட்டுப்போனால் அந்த வீட்டார் விசேஷத்துக்கு வர மாட்டார்கள். வந்தாலும் கை நனைக்க மாட்டார்கள். அதே ஆட்கள், அதே சுருதியில் டொமைன் பதிவுக்கு வந்தார்கள். யாரையும் விடக்கூடாது என்பது முதல் ஐந்து நிமிடத்திலேயே முடிவாகிவிட்டது. அப்புறம் வரிசை. நான் எழுதியதை வாசித்துக் காட்டியதும் சம்பந்தி தொண்டையைக் கனைத்தார்.

"எங்க மில்லு கடைசியிலயா வருது?"

வரிசை எப்படி இருந்தாலும் மெஷினுக்கு ஒன்றுதான் என்று சொன்னேன்.

"மெஷினுக்கு ஒண்ணுதான்ப்பா. படிக்கிறவனுக்கு?"

எவன் அதைப் படிக்கப் போகிறான் என்று கேட்கத் தைரியம் வரவில்லை. மில்லை மேலே ஏற்றினேன். ஏற்றியதால் மச்சினரின் ஜீப்பு கீழே இறங்கியது. அவர் முகம் போன போக்கைப் பார்த்து அதையும் மேலே ஏற்றினேன். கடைசியில் குலதெய்வத்தை முதலில் போட்டு, மற்றவர்களை வயதுப்படி அடுக்கியதும் கூடம் திருப்தியானது. ஆபீசுக்கு வந்து, தண்ணீர் குடித்து, வாய்விட்டுப் படித்து, சேமித்தேன். அவ்வளவு நிறைவாக ஒரு பதிவை அதற்கு முன்னும் பின்னும் நான் போட்டதில்லை.

அதற்குப் பிறகு எங்கள் மெயிலின் கதி இன்னும் மோசமானது. முன்பு பாதி குப்பைக்குப் போனது, இப்போது ஏறக்குறைய எல்லாமே போயின.

ஜெயக்கொடி மலையிலிருந்து இறங்கி நேரே என் மேசைக்கு வந்தார். பொதுவாகச் சத்தமாகப் பேசுகிறவர். அன்றைக்குச் சத்தம் வரவில்லை.

"அண்ணே, நான் அனுப்புன மெயில் போகுதா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க. அந்தாளு ஏன் பதில் போடலைன்னு போன்ல கேக்குறாரு. போட்டுட்டேங்கிறேன், வரலைங்கிறாரு. எழுத்துல வராம ஆர்டர் போட முடியாதாம். இந்த வாரத்துக்குள்ள வரலைன்னா கூர்க்குல ஒரு தோட்டம் இருக்கு, அங்க பாத்துக்கிறேன்னுட்டாரு."

நான் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு, விசாரிக்கிறேன் ஆத்தா என்றேன். அவர் படி இறங்கியதும் மதுரைக்குப் போன் போட்டேன்.

அந்தப் பெண் எங்கள் பதிவைத் திறந்து பார்த்தாள். பிறகு சிரிப்பை அடக்குகிற சத்தம்.

"சார், எத்தன பேரச் சேத்திருக்கீங்க?"

"வீட்டுல உள்ளவங்க மட்டுந்தாம்மா."

அவள் விளக்கினாள். எஸ்பிஎஃப் என்கிற இந்த வரியில் ஒரு மெயில் கம்பெனியைச் சேர்த்தால், சோதிக்கும் மெஷின் அந்தக் கம்பெனியின் பதிவுக்கும் போய் விசாரிக்கும். அங்கே இன்னும் நாலு பேர் சொல்லப்பட்டிருந்தால் அங்கேயும் போகும். இப்படிப் பத்து இடம் வரைக்கும்தான் போகலாம் என்று விதி. அதற்கு மேல் போக வேண்டியிருந்தால், விசாரித்த வரைக்கும் சரி என்று விட்டுவிடாது. வரியே தப்பு என்று மொத்தத்தையும் தள்ளிவிடும். எங்கள் ஆட்கள் ஒவ்வொருவரும் வரும்போதே கூட நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். யாரும் விட்டுப்போகக் கூடாது என்று எல்லோரையும் சேர்த்ததில் எல்லோரும் வெளியே நின்றுகொண்டிருந்தோம்.

சிலரை எடுங்கள் சார் என்றாள். அவளுக்கு அது ஒரு வார்த்தை. அச்சடித்துக் கொடுத்துவிட்ட பத்திரிகையில் பெயரை அடிப்பது என்ன காரியம் என்று மதுரையில் உட்கார்ந்திருப்பவளுக்கு எப்படிச் சொல்வது? முதலாளியிடம் போனேன். அவர் வரியைப் பார்க்கவே இல்லை. விரலை மடக்கி யோசித்தார். மில்லை எடுத்தால் சம்பந்தி காதுகுத்துக்கு வர மாட்டார். ஜீப்பை எடுத்தால் வீட்டுக்காரம்மா பேச மாட்டார். கோயிலை எடுக்கவே முடியாது. எல்லா விரலும் மடங்கியதும் சொன்னார்:

"ஜெயக்கொடிய எடுத்துரு மாப்ளே. அவ நம்ம வீட்டுப் பிள்ள, கோவிச்சுக்க மாட்டா. அவ மெயில நானே நம்ம ஆபீஸ்ல இருந்து அனுப்பி விட்டுர்றேன். எப்பவும் நாந்தான பாத்துக்கிறேன்."

தம்பி தங்கச்சிகளே, இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். எந்த ஆபீசாக இருந்தாலும், பதிவில் இடம் பற்றாமல் போனால் முதலில் யாரை எடுக்கச் சொல்வார்கள்? அதிகம் பயன்படுத்தாதவரை என்றுதான் நீங்கள் நினைப்பீர்கள். அப்படி இல்லை. சண்டைக்கு வராதவரை எடுக்கச் சொல்வார்கள். சொல்கிறவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. எங்கள் முதலாளி அதைப் பாசமாகத்தான் சொன்னார்.

ஒரு வார்த்தையை அழித்துவிட்டுச் சேமித்திருந்தால் என் தலைவலி தீர்ந்திருக்கும். இல்லை, முடியாது என்று முதலாளியிடம் சொல்லும் ஆள் நான் இல்லை. நாளைக்குச் செய்துவிடுகிறேன் முதலாளி என்று சொல்லிவிட்டு வந்தேன். பயந்தவனுக்கு வாய்தா வாங்கத் தெரியும், அது ஒரு வசதி. மறுநாள் காலையில் தோட்டத்து வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு போகும் ஜீப்பில் நானும் தொற்றிக்கொண்டேன். ஒருவர் பெயரை எடுக்கப் போகிறோம் என்றால் அவரிடமே சொல்லிவிட்டு எடுப்போம் என்பதைத் தாண்டி என்னிடம் யோசனை எதுவும் இல்லை. அவர் அழுதால் என்ன செய்வது, நான் மேலே போனது முதலாளிக்குத் தெரிந்தால் என்ன ஆகும், திரும்பி வர ஜீப்பு கிடைக்குமா என்று வழியெல்லாம் கவலைப்பட்டேன். பக்கத்தில் இருந்த அம்மா, மொதத் தடவையாண்ணே மலையேறுறீங்க, முகமெல்லாம் வெளுத்திருக்கு என்று ஒரு எலுமிச்சம்பழத்தைக் கொடுத்தார். வாங்கி முகர்ந்துகொண்டே போனேன்.

ஜெயக்கொடி குரங்கணியிலேயே இருந்தார். மேலே கொண்டுபோக உர மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு மூட்டை ஈரமாக இருக்கிறது என்று டிரைவரோடு வாக்குவாதம். அதை முடித்துவிட்டு வந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பத்துக்கு மேல் போக முடியாத விதி, கூடத்தில் நடந்த வரிசைச் சண்டை, அண்ணன் மடக்கிய விரல்கள்.

"எங்கண்ணன் சொன்னுச்சா, எம்பேர எடுக்கச் சொல்லி?"

"ஆமாத்தா."

அவர் அந்த ஈர மூட்டையைத் தனியாக இழுத்துப் போட்டார்.

"அந்தாளு என்னையத் தேடி வந்ததே வீட்டுப் பேரக் கேள்விப்பட்டுத்தான். அத விட்டுட்டு வேற பேர்ல எழுதுனா நம்ப மாட்டாரு. அண்ணன் ஆபீஸ்ல இருந்து போச்சுன்னா அவரு அண்ணன்கூடத்தான் பேசுவாரு. இந்தக் கூட்டத்துக்குள்ளயே நின்னா நான் கத்துனாலும் அவருக்குக் கேக்காது." பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார். "வீட்டுப் பேருக்குள்ளயே எனக்குன்னு தனியா ஒரு எடம் ஒதுக்க முடியாதாண்ணே?"

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லிவிட்டு, டவர் கிடைக்கிற வளைவு வரைக்கும் நடந்து போய் மதுரைக்குப் போன் போட்டேன். ஒதுக்கலாமே சார் என்றாள் அந்தப் பெண். அவர் பெயர், ஒரு புள்ளி, அதற்குப் பிறகு வீட்டுப் பெயர். அந்த முகவரிக்குத் தனிப் பதிவு, தனி வரி. வீட்டு வரியில் எத்தனை கூட்டம் இருந்தாலும் இதைத் தொடாது. இவ்வளவு எளிதாக ஒரு வழி இருக்கும்போது முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நீங்க கேக்கலையே சார் என்றாள்.

ஓடி வந்து, மூச்சு வாங்க, "தனிக்குடித்தனம் மாதிரி ஆத்தா" என்று சொல்லிவிட்டேன். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். எங்கள் ஊரில் அந்த வார்த்தை எத்தனை வீட்டில் சண்டை மூட்டியிருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

அவர் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். "கல்யாணமாகிப் போன புதுசுல கேட்டேன், கெடைக்கல. மெயில்லயாவது கெடைக்கட்டும். வெரசாப் போட்டு விடுங்க."

அண்ணனிடம் நானே சொல்கிறேன் என்று சொல்லி, டவர் கிடைக்கிற வளைவுக்கு என்னோடு நடந்து வந்து போன் போட்டார். தங்கச்சி தனியாகப் போய்விட்டாள் என்று ஊர் பேசுமே என்பதுதான் முதலாளியின் கவலையாக இருந்தது. நான் இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். "வீட்ட விட்டுப் போகலண்ணே. மாடியில ஒரு ரூம்பு எடுத்துக்கிறேன், அம்புட்டுத்தான்" என்றார் ஜெயக்கொடி. அந்தப் பக்கம் என்ன பதில் வந்ததோ, போனை வைத்துவிட்டு எனக்குத் தலையை ஆட்டினார். யாருடைய பெயரையும் அடிக்க வேண்டாம் என்றதே முதலாளிக்குப் பெரிய நிம்மதியாக இருந்திருக்கும்.

வார முடிவுக்குள் ஜெயக்கொடியின் மெயில் புது முகவரியிலிருந்து துபாய்க்குப் போய்ச் சேர்ந்தது. ஆர்டர் எழுத்தில் வந்தது. செய்தி பரவியதும் சம்பந்தி எனக்கும் ஒரு மாடி வேண்டும் என்றார். பிறகு சென்னை மகன், பிறகு மச்சினர். கொஞ்ச நாளில் வீட்டு வரியில் கம்பெனி மட்டும் மிஞ்சியது, மாத்திரைக்காரன் மெயில்கள் நாங்கள் அனுப்பியவை இல்லை என்று எல்லா இடத்திலும் தெரிய ஆரம்பித்தது. குலதெய்வமும் தனி முகவரிக்குப் போய்விட்டது.

வேலை அங்கே முடிந்தது என்று நினைத்தேன். ஜெயக்கொடி விடவில்லை. என் பெயரைப் போட்டு வேறு எவனாவது அனுப்பினால் அது என்ன ஆகும் என்று கேட்டார். அதற்கு டிமார்க் என்று இன்னொரு பதிவு இருக்கிறது. நம் பெயரில் பொய்யாக வருவதை என்ன செய்ய வேண்டும் என்று நாமே வாங்குகிறவர்களுக்குச் சொல்லி வைக்கலாம். சும்மா பார்த்து வை, ஓரமாக ஒதுக்கு, திருப்பி அனுப்பு என்று மூன்று நிலை. எடுத்த எடுப்பில் திருப்பி அனுப்பச் சொல்லாதீர்கள். முதலில் பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் மறந்துபோன ஏதாவது ஒரு சாஃப்ட்வேர் எங்காவது உங்கள் பெயரில் நல்ல மெயில் அனுப்பிக்கொண்டுதான் இருக்கும். அதையெல்லாம் பிடித்துச் சரி செய்த பிறகு இறுக்குங்கள். நான் என் சுபாவப்படி பார்த்துக்கொண்டே இருந்தேன். "எத்தன காலத்துக்குண்ணே வேடிக்க பாப்பீங்க?" என்று ஜெயக்கொடி அதட்டியதும்தான் இறுக்கினேன்.

காப்பி பழுத்துப் பறிக்கிற பருவம் வந்தது. ஒருநாள் காலையில் முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"மாப்ளே, இங்கிட்டு வா. நீ வச்ச ரூலு கெட்டுப்போச்சு. நான் அனுப்புன மெயிலயே திருப்பி அனுப்பியிருக்கு."

மாப்ளே என்றதும் ஓடினேன். போய்த் திரையைப் பார்த்தேன். துபாய்க்காரர் ஜெயக்கொடிக்கு எழுதி, மரியாதைக்காக அண்ணனுக்கும் ஒரு நகல் வைத்திருந்தார். கப்பலில் இடம் கிடைத்திருக்கிறது, இந்த வாரமே சரக்கை ஏற்ற முடியுமா என்று கேட்டிருந்தார். முதலாளி அவசரத்துக்கு இருக்கட்டும் என்று தங்கையின் புது முகவரியைத் தன் கம்ப்யூட்டரில் யாரையோ வைத்துப் போட்டு வைத்திருக்கிறார். அந்த முகவரியில், ஜெயக்கொடி எழுதுவது போலவே, ஆகட்டும் ஏற்றிவிடுகிறோம் என்று பதில் எழுதி அனுப்பியிருக்கிறார். ஜெயக்கொடியின் தனி வரியில் எங்கள் ஆபீஸ் இல்லை என்பதால் அதைத்தான் துபாய் மெஷின் வாங்க மறுத்திருந்தது.

இரண்டு தடவை படித்தேன். ரூலில் தப்பு எதுவும் இல்லை என்று தெரிந்ததும், பயம் போவதற்குப் பதிலாகக் கூடிவிட்டது.

"கெட்டுப்போகல முதலாளி. இது ஜெயக்கொடி அனுப்புனது இல்லைன்னு கண்டுபிடிச்சிருக்கு."

"நான் அவ அண்ணன்யா."

திரும்பி வந்ததற்குக் காரணம் எழுதியிருந்த வரியை விரலால் காட்டினேன்.

"அப்ப ஒரு வார்த்த சரிங்கிறதுக்கும் அவளக் கேட்டுட்டுத்தான் செய்யணுமா?"

இதற்கு என்ன பதில் சொன்னாலும் வம்பு. ஜெயக்கொடியின் நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தி, போனை அவர் முன்னால் வைத்தேன். முப்பது வருட வேலையில் நான் செய்த பெரிய துணிச்சல் அதுதான்.

"ஆத்தா, அந்த துபாய்க்காரன் இந்த வாரமே ஏத்தச் சொல்றானே. நான் சரின்னு..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். கொஞ்சம் விட்டுக் கேட்டார். "நீ என்ன சொல்ற?"

"முடியாதுண்ணே. ஏலக்காய்னா சூடு வச்ச ஸ்டோர்ல போட்டு மறுநா மூட்ட கட்டிருவீக. காப்பி அப்படி இல்ல, களத்துல வெயிலு குடிக்கணும். ஈரத்தோட ஏத்துனா கப்பல்லயே பூஞ்ச புடிச்சிரும். மொத லோடே கெட்டுச்சுன்னா அப்புறம் அந்தாளு இந்தப் பக்கம் தல வச்சுப் படுப்பாரா? காலையிலயே முடியாதுன்னு எழுதிட்டேன். காத்திருக்கேன்னு பதிலும் போட்டுட்டாரு."

முதலாளி திரையில் திரும்பி வந்து கிடந்த தன் மெயிலைப் பார்த்தார். அது போயிருந்தால் ஒரே பெயரில் முடியாது என்று ஒன்றும் முடியும் என்று ஒன்றுமாக இரண்டு பதில் துபாயில் கிடந்திருக்கும். அவர் பிறந்ததிலிருந்து ஏலக்காய் பார்த்தவர். அந்தக் கணக்கைத்தான் காப்பிக்கும் போட்டிருக்கிறார். எனக்கு அது புரிந்தது, அவருக்கும் புரிந்தது என்பது மீசையைத் தடவியதில் தெரிந்தது. இந்த முகவரியை இதிலிருந்து எப்படி எடுப்பது என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். காட்டினேன். அவர் கையாலேயே எடுத்தார்.

பிறகு போன் பக்கம் குனிந்து, பழைய சத்தத்தில் சொன்னார்.

"சரிடா ஆத்தா. காஞ்சதும் எனக்கும் அஞ்சு கிலோ கொண்டா. அண்ணன்னு பாக்காத, வெலயச் சொல்லு."

"மெயில் போடுண்ணே, வெல எழுதி அனுப்புறேன்" என்றார் ஜெயக்கொடி. "உம்பேர்ல போடு."

அன்றைக்கே போட்டார். அது போய்ச் சேர்ந்தது.